நோயாளிக்கு என்று தனிப் பானை வேண்டாம்!

உங்கள் வீட்டு அடுப்பில் எத்தனை விதச் சோறு வேகிறது?

இது என்ன கேள்வி என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு மாத காலம் இரண்டு விதச் சோறு வெந்தது. எங்களுக்கெல்லாம் மல்லிகைப் பூப் போன்ற வெள்ளைச் சோறு. அப்பாவுக்கு மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் சிவப்பு அரிசிச் சோறு.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று 2019-ம் ஆண்டு தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வெள்ளைச் சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள்" என்றும் சொன்னார். அன்று முதல் வீட்டில் சிரிப்பு நின்று போயிற்று. சாப்பாட்டு நேரம் என்றாலே எல்லோருக்கும் பயம். அப்பா பாதி சாப்பிடுவார். தட்டைத் தள்ளி விடுவார்.

ஒரு நாள் அவர் வாயைத் திறந்தார்.

"ஜெயில்ல கூட எல்லாருக்கும் ஒரே சோறுதான் போடுவாங்க!"

அம்மா பதில் பேசவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பாவுக்கு வெறுத்தது சிவப்பு அரிசி அல்ல, தனிப் பாத்திரம்தான்!

கோழிக்கு வந்த வியாதி

அரிசியின் கதை கொஞ்சம் பெரிய கதை. கேளுங்கள்.

ஜாவாத் தீவில் பட்டாவியா என்ற ஊர். அதற்கு இன்றைய பெயர் ஜகார்த்தா. அங்கே 1889-ம் ஆண்டில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர், பெரிபெரி என்ற வியாதியை ஆராய்ந்து கொண்டிருந்தார். பெரிபெரி வந்தால் கால்கள் துவளும். சிலருக்கு உடம்பு வீங்கும். முற்றினால் இருதயம் நின்று விடும். கிழக்கு நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற வியாதி அது. ஏதோ கிருமிதான் காரணம் என்று டாக்டர்கள் தேடிக் கொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஐக்மன் வளர்த்த கோழிகளுக்குக் கால் துவண்டது. நடக்க முடியாமல் விழுந்தன. சில மாதம் கழித்து, மருந்து எதுவும் கொடுக்காமலே கோழிகள் எழுந்து ஓடின!

என்ன மாயம் இது? விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அதுவரை கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போட்டிருக்கிறார்கள். பிறகு புதிய சமையல்காரர் வந்தார். "ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர முடியாது" என்று சொல்லி விட்டார். கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது. பிழைத்துக் கொண்டன.

அரிசியின் மேல் தோலாகிய தவிட்டில் ஒரு சத்து இருக்கிறது. நாம் இன்று பி-1 வைட்டமின் என்று சொல்வது அதைத்தான். தீட்டத் தீட்ட அது போய் விடும். 1929-ம் ஆண்டு ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை!

தமிழர் பானை

ஐக்மன் பார்த்தது கோழிகளை. மலாயாவில் மனிதர்களிடமே அது தெரிந்தது.

அந்த நாளில் அங்கே ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். சயாமிலிருந்து வந்த, இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி அவர்கள் உணவு. பெரிபெரி அவர்களை வாரிக் கொண்டு போயிற்று. அதே மலாயாவில் ரப்பர்த் தோட்டத்திலும் சாலை வேலையிலும் நம் தமிழர்கள் பாடுபட்டார்கள். அவர்களும் ஏழைகளே, அவர்கள் இருப்பிடமும் அரண்மனை அல்ல. ஆனால், அவர்களுக்குப் பெரிபெரி வந்தது மிகக் குறைவு.

கோலாலம்பூரில் பிளெட்சர் என்ற டாக்டர், 1906-ம் ஆண்டு மனநோய் விடுதி ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் சுமார் 120 பேர். ஒரு சாராருக்குச் சயாம் பச்சரிசி. மறு சாராருக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. இடத்தில் கோளாறு இருக்குமோ என்று பாதியில் இரு சாராரின் இடத்தையும் மாற்றினார். பச்சரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக்காரர்களில் ஒருவர் கூட அதனால் இறக்கவில்லை. (வாய் பேச முடியாதவர்களை வைத்து இப்படிச் சோதிப்பது கொடுமை. இன்று அதற்கு அனுமதி கிடைக்காது.)

தமிழர் ரத்தத்தில் மந்திரம் எதுவும் இல்லை. அவர்கள் பானையில் இருந்தது புழுங்கல் அரிசி. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. நெல் அவித்த நம் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது. வேலை மட்டும் தெரியும்.

வெட்கம் செய்த வேலை

இப்படிப்பட்ட அரிசியை நாம் ஏன் ஒதுக்கினோம்? விலை அதிகம் என்றா? ருசி இல்லை என்றா? இல்லை. வெட்கம்!

நானே அந்தக் குற்றத்தைச் செய்தவன். கல்லூரிக்குப் போன காலத்தில், அம்மா கைக்குத்தல் அரிசிச் சோறு கட்டிக் கொடுப்பாள். பழுப்பாக இருக்கும். நண்பர்கள் டப்பாவில் வெள்ளை வெளேர் என்று இருக்கும். நான் மூடியைப் பாதி மறைத்துக் கொண்டு சாப்பிடுவேன். ஒரு நாள் "இனிமே இது வேண்டாம்" என்று சொல்லி விட்டேன். அம்மா மறு வாரமே கடையில் விலை கூடிய வெள்ளை அரிசி வாங்கினாள். மகன் படிக்கிறவன் அல்லவா! நான் வாங்கச் சொன்ன அரிசியைத்தான் அப்பா பதினைந்து வருஷம் சாப்பிட்டார். அவருக்கு வியாதி அதனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் மனம் கேட்கிறதா?

நடையும் இப்படித்தான் போயிற்று. தெருமுனைக் கடைக்கு நடந்து போனால் கௌரவக் குறைவு என்று வண்டியை எடுக்கிறோம். பிறகு டாக்டர் சொன்னார் என்று மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி வருகிறோம்!

வெட்கத்தால் போனதைப் பயத்தால் கொண்டு வரப் பார்க்கிறார்கள் சிலர். "வெள்ளை அரிசி விஷம்! உப்பு விஷம்! பால் விஷம்!" என்று மிரட்டுகிறார்கள். மிரட்டி விட்டு, ஒரு கிலோ அரிசியை மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். பயந்து சாப்பிடுகிறவர் எத்தனை நாளைக்குச் சாப்பிடுவார்?

பாரம்பரிய அரிசி வாங்கப் பணம் இல்லையே என்று ஏங்க வேண்டாம். ரேஷன் கடைப் புழுங்கல் அரிசியே போதும். ஏழெட்டுத் தண்ணீரில் கழுவித் தள்ளாதீர்கள். சோறு வடித்தால் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சோறு குறையட்டும், கீரையும் பயறும் கூடட்டும். முருங்கைக் கீரைக்குப் பல ஊர்களில் இன்னும் காசு கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டால் போதும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. சிவப்பு அரிசி ஆனாலும் அதுவும் அரிசிதான். மலை போலக் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாத்திரையையும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள்.

ஒரே பானை

அப்பா ஜெயில் என்று சொன்ன மறுநாள், அம்மா சின்னப் பாத்திரத்தைப் பரண் மேல் போட்டாள். எல்லோருக்கும் சிவப்பு அரிசி. என் மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். "தாத்தா சோறு வேண்டாம்" என்றாள். அம்மா விடவில்லை. மாப்பிள்ளைச் சம்பாவில் கஞ்சி வைத்தாள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பருப்புத் துவையலும். அடுத்த வாரம் தாத்தாவும் பேத்தியும் துவையலுக்குச் சண்டை போட்டார்கள்.

மாலையில் இருவரும் கைகோத்துக் கடைக்கு நடக்கிறார்கள். அப்பாவுக்கு அது வைத்தியம் என்பதே மறந்து விட்டது. வழியில் யார் வீட்டில் என்ன கல்யாணம் என்று விசாரித்துக் கொண்டு திரும்புவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. வெறும் கையோடு திரும்புகிற நாளும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா தட்டை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி போடு."

"டாக்டர் சொன்ன அளவு அவ்வளவுதாங்க" என்று அம்மா பானையை மூடி விட்டாள்.

அப்பா பேத்தியைப் பார்த்தார். அவள் தன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அம்மா பார்க்காதது போலத் திரும்பிக் கொண்டாள்.