கண்டிக்கு அரை நாள் போதாது



நம்ம பக்கத்திலிருந்து இலங்கை டூர் போகிறவர்கள் கண்டிக்கு ஒதுக்குவது அரை நாள். தலதா மாளிகை, ஏரி, ஒரு ரத்தினக்கல் கடை, மறுபடி பஸ். போன மாதம் நான் ஒரு முழு நாள் இருந்துவிட்டு வந்தேன். அரை நாள் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முகநூலில் பழக்கமான தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர், என்னைப் போல ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும் காலை ஆறரைக்கே வந்து அழைத்துக்கொண்டார்கள். நன்னிலத்துக்காரனுக்கு மேடு என்றால் ஆற்றங்கரைதான். கண்டியில் கடைக்கு ஏறணும், பஸ்ஸுக்கு இறங்கணும். நான் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் "மெதுவா வாங்க சேர்" என்று அவர்களும் நின்றார்கள். ஒரு சிங்களக் கடைக்கார அம்மா கித்துள் கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஏரி 1807-ல் வெட்டியது. அதற்குமுன் அந்த இடம் வயலாம். (டெல்டாக்காரனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.) வெட்டியவன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம். ஆங்கிலேயர் அவனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832-ல் அங்கேயே இறந்தான். தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே பத்தினி தேவாலயம். பத்தினி வேறு யாருமில்லை, நம் பூம்புகார்க் கண்ணகி. சிங்களப் பெண்கள் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்.

மதியத்துக்கு மேல் ஹந்தானை மலை. பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். 1867-ல் கண்டிக்குப் பக்கத்தில் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களெல்லாம் இருக்கின்றன. வெளியே வந்ததும் நண்பர் சரிவைக் காட்டி, "எங்க தாத்தா பேரு செக்ரோல்ல மட்டும்தான் சேர் இருந்துச்சு" என்றார்.

புரியவில்லை. அவர் மனைவிதான் விளக்கினார். தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கே 'பேர்' என்றுதான் சொல்வார்களாம். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர்.

அவர்களின் முன்னோர் நம் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். பஞ்சத்துக்குத் தப்பித் தோணியேறி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுக்குள் நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். போனவர்கள் போக, அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது. நான் இதையெல்லாம் ஆண்டுகளாக மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. பெற்றோர் அந்த ஒப்பந்தத்தில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். பிள்ளைகள் அவளைச் 'சிலோன்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் கண்டிக்கவில்லை. கண்டிக்காதது மட்டுமா, "சிலோன், எழுந்து வாசி" என்று நானும் கூப்பிட்டிருக்கிறேன். வருஷம் முடியும் முன்பே நின்றுவிட்டாள். ஹந்தானைச் சரிவில் நின்று எவ்வளவு யோசித்தும் அவள் பெயர் நினைவுக்கு வரவில்லை. நண்பரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புறப்படும்போது அந்தம்மா ஒரு தேயிலைப் பொட்டலம் கொடுத்தார். தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் என்று சொல்வார்களாம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. "நீங்க போற வழிதானே சேர்" என்றார்.

நம்மூரில் ஒருவர் வைகாசியில் இலங்கை டூர் ஏற்பாடு செய்கிறார். கண்டிக்கு முழு நாள் வையுங்கள், ஹந்தானையில் ஒரு தோட்டக் குடும்பத்தோடு சாப்பாடு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "அங்க என்ன சார் இருக்கு பார்க்க?" என்று கேட்டார். விடாமல் அரை மணி நேரம் பேசினேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.