எப்போது இறந்தது?

மேடைகளில் இன்று மலிந்துவிட்ட சொற்களுள் ஒன்று 'உயிர்த்தெழுதல்'. உறங்கிக் கிடந்த சங்கம் ஒரு கூட்டம் கூட்டினால் அது உயிர்த்தெழுந்ததாம். தோற்றுவந்த பந்தாட்டக் குழு ஒரு முறை வென்றால் அதுவும் உயிர்த்தெழுந்ததாம். இவற்றை உவமை என்று விட்டுவிடலாம். ஆனால், 'தமிழ் உயிர்த்தெழும்' என்று தமிழாசிரியரே முழங்கும்போது வாளாவிருத்தல் தகாது.

சமயங்கள் இக்கருத்தை எங்ஙனம் ஆள்கின்றன? சிலுவையில் இறந்து கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. இறந்தோர் யாவரும் மறுமை நாளில் எழுப்பப்பட்டுத் தம் செயல்களுக்குக் கணக்குக் கொடுப்பர் என்பது இசுலாமியர் நம்பிக்கை. மயிலாப்பூரில் சம்பந்தர் பதிகம் பாட, குடத்தில் எலும்பும் சாம்பலுமாய் இருந்த பூம்பாவை உயிர்பெற்று எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். மறுபிறப்போ இவற்றின் வேறானது. உயிர் பழைய உடலை நீத்து வேறோர் உடல் எடுப்பது அது. எம்மரபை நோக்கினும் எழுதலுக்கு முற்பட்டது சாவு. சாவை ஒப்பாதார்க்கு உயிர்த்தெழுதல் என்னும் சொல்லில் உரிமை இல்லை.

அங்ஙனமாயின் தமிழ் எப்போது இறந்தது? எபிரேய மொழி பல நூற்றாண்டுகள் எவர்க்கும் தாய்மொழியாய் இராது, வழிபாட்டிலும் ஏட்டிலுமே வழங்கியது. 1881இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகூதா முதலியோரின் உழைப்பால் அது மீண்டும் மழலையர் நாவில் ஏறியது. தமிழுக்கு அந்நிலை என்றும் நேர்ந்ததில்லை. 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்ததையும் உயிர்த்தெழுதல் என்பாருளர். தலைமுறை தலைமுறையாக ஏடுகளைப் படியெடுத்துக் காத்தவர் இலராயின் அவர் எதனைப் பதிப்பித்திருப்பார்? அது காத்தலின் பயனேயன்றி உயிர்த்தெழுதல் அன்று.

இது வெறும் சொற்பூசல் அன்று. மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபின், மாணவர் குன்றிய தோட்டத் தமிழ்ப்பள்ளி நகர்ப்புறத்திற்கு இடம்பெயர்ந்தால், 'பள்ளி உயிர்த்தெழுந்தது' என்று மாலை சூட்டுகின்றனர். பெயர் பழையது; இடமும் கட்டடமும் புதியன. சமயச் சொல்லாற் கூறின் அது மறுபிறப்பு. நன்மையே, எனினும், பழைய இடத்தில் எஞ்சிய பிள்ளைகள் எங்கே பயில்கின்றனர் என்னும் வினாவை அவ்வினிய சொல் விழுங்கிவிடுகிறது.

உயிர்த்தெழச் செய்வது இறைவன் செயல் என்பர் சமயத்தார். உயிரோடிருப்பதைப் பேணுவது மனிதர் கடமை. நோயுற்ற மகவுக்குத் தாய் மருந்தூட்டுவாள். இறந்தபின் எழுவான் என்று காத்திராள். வீட்டில் தமிழ் பேசாமலும் தமிழ்நூல் வாங்காமலும் இருந்துகொண்டு உயிர்த்தெழுதலைப் பேசுவோர், காத்திருப்பதற்குச் சாக்குத் தேடுவோரே ஆவர்.

ஆதலின், மாணவர் கட்டுரையில் 'தமிழ் உயிர்த்தெழும்' என்னும் தொடர் வருமாயின், ஆசிரியர் அதன்கீழ்ச் செம்மையால் கோடிட்டு, 'எப்போது இறந்தது?' என்று எழுதுவாராக.