சிறு நல்கையும் கம்பம் பள்ளத்தாக்கும்

இணையச் சுதந்திரம் என்றதும் நம்மில் பலருக்குத் தில்லியின் நீதிமன்றங்களும் கலிபோர்னியாவின் நிறுவனங்களும்தாம் நினைவுக்கு வருகின்றன. கம்பத்திலும் சின்னமனூரிலும் போடிநாயக்கனூரிலும் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பவர் குறைவு. ஆனால் பொருள் இருக்கிறது. போடியில் ஏலக்காய் 2007 முதல் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் ரேஷன் அரிசி கைரேகைக் கருவியை நம்பியிருக்கிறது. காய் பறித்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுக்கும் நாளில் மாற்று வழி உண்டு என்று விதி சொல்கிறது. அதைக் கடையில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கடன் செயலிக்காரன் உறவினர் எண்களுக்கெல்லாம் அசிங்கமான படங்களை அனுப்புவேன் என்று மிரட்டினால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அதைச் சொல்லவும் ஆள் வேண்டும்.

இவை அன்றாடத் தொல்லைகள். இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு ஆணையிட்டது. துப்பாக்கிச் சூடு நடக்காத இரண்டு மாவட்டங்களுக்கு ஏன் இந்தத் தடை என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எழுந்தது. அக்கேள்வியை எழுப்ப அருகிலேயே வழக்கறிஞர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு எல்லை நோக்கி நடந்தது. அன்று பெரும்பாலோர் கையில் இணையம் இல்லை. இன்று அப்படியொன்று நேர்ந்தால் முதலில் நிறுத்தப்படுவது பேருந்தாக இராது, இணையமாகவே இருக்கும் என்று நான் அஞ்சுகிறேன். இணையத் தடை ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் அதையே சொல்கின்றன. ஆனால் ஆணை எங்கே என்று கேட்டு மனு எழுதப் பள்ளத்தாக்கில் யார் இருக்கிறார்கள்?

நிற்க. இத்தகைய குழுக்களுக்கென்றே உலகில் சிறு நல்கைகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் என்.எல்.நெட் அறக்கட்டளை 5,000 யூரோவில் தொடங்கி உதவுகிறது. 2012இல் தோன்றிய டிஜிட்டல் டிஃபெண்டர்ஸ் பார்ட்னர்ஷிப் ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கிறது. ஆனால் இவை நம் ஊரை எட்டுவது எளிதன்று. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கும். 'உங்கள் மாற்றத்தின் கோட்பாடு யாது' என்று ஒரு கட்டம் கேட்கும். (மாற்றம் வேண்டும் என்பதுதான் கோட்பாடு என்று எழுதினால் நல்கை வராது.)

ஆங்கிலத்தையாவது எவரிடமேனும் கேட்டு எழுதிவிடலாம். சட்டத்தைத் தாண்ட முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அதற்கு முன், சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பதிவுபெற்ற அமைப்பொன்று பெருந்தொகை பெற்று, அதைப் பதிவுபெற்ற சிற்றமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க இயன்றது. இப்போது அது தடை. புதிதாகப் பதிவு பெற வேண்டுமாயின் பொதுவாக மூன்றாண்டு வயதும், அம்மூன்றாண்டில் 15 லட்ச ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கோ புதுதில்லியில், ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இத்திருத்தங்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. முன் அனுமதி என்றொரு வழி உண்டு. உத்தமபாளையத்து இளைஞர் நால்வர் அதற்காக எத்தனை மாதம் காத்திருப்பார்கள்? பதினைந்து லட்சம் செலவழித்துவிட்டவனுக்குச் சிறு நல்கை எதற்கு என்ற எளிய கேள்விக்கு இச்சட்டத்தில் விடை இல்லை.

ஆகவே நல்கை நம்மிடமிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் எண்ணம். இது முடியாத காரியம் அல்ல. 2015இல் இணையச் சமநிலைக்காக டிராய்க்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான கட்டணங்கள் தடை செய்யப்பட்டன. அவ்வியக்கத்தினர் நிறுவிய இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உள்நாட்டு நன்கொடையில் நடக்கிறது. எனினும் அது இருப்பது தில்லியில். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் பயனர் குழுவொன்று மாணவர்களுக்கு இலவசமாகவே கற்பித்துவருகிறது. அது போன்ற குழு தேனியிலும் எழலாம்.

நமக்கு இதில் முன்னோடியும் உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. ரூபாய்க்குச் சில காசு; அக்காசில்தான் நம்மில் பலர் வாசிக்கக் கற்றோம். இதனினும் பழையது குடிமராமத்து. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பள்ளத்தாக்குக்கு, வாய்க்காலைக் கூடித் தூர்வாரும் வழக்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

தொகையும் பெரிதன்று. தகவல் உரிமை மனு ஒன்றுக்குக் கட்டணம் 10 ரூபாய். மதுரைக் கிளைக்குப் போய்வரப் பேருந்துச் செலவு, தமிழில் துண்டறிக்கை அச்சிடும் செலவு, மாதம் ஒரு ஞாயிறு கூடத் தேநீர். ஆண்டுக்கு 25,000 ரூபாய் இருந்தால் ஒரு குழு தாராளமாக இயங்கும். சிறு பணமும் சண்டையைக் கொண்டுவரும், கணக்கு யார் கேட்பது என்று நண்பர்கள் ஐயுறுவார்கள். நியாயந்தான். இலக்கியக் கூட்டத்து வசூல் முப்பதாயிரத்துக்கே முகம் திருப்பிக்கொண்டவர்களை நாமறிவோம். வரவு செலவை மாதந்தோறும் நூலகப் பலகையில் ஒட்டிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறுபத்திரிகைக்குச் சந்தா அனுப்பும் ஐம்பது பேர் ஆளுக்கு மாதம் 50 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 30,000 சேரும். பத்து மனுக்கள், நான்கு மதுரைப் பயணங்கள், இரண்டு துண்டறிக்கைகள் போக மீதியும் இருக்கும்.