பெயின்ட் அடிச்சு விக்காதீங்க

கண்டிப் பக்கம் ஒரு பழைய கார் விலைக்கு வந்தால், விளம்பரத்தில் எப்படியாவது இரண்டு விஷயம் வந்துவிடும். ஒன்று, துரை பாவிச்ச கார். மற்றது, முழுசா ரீஸ்டோர் பண்ணின கார். இரண்டோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு.

1950களின் செவ்ரோலெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், மூன்றே கியர், கியர்க் கம்பி ஸ்டியரிங் பக்கத்திலேயே. அந்தக் காலத்து லாக்கர் பெயின்டை வருஷக்கணக்கா பொலிஷ் போட்டுத் தேய்த்தால் விளிம்புகளில் ப்ரைமர் தெரியத் தொடங்கும். புரோக்கர் அதைத்தான் முதலில் பார்ப்பார். "ஒரு பெயின்ட் அடிச்சா நல்ல விலைக்குப் போகும்" என்பார்.

அடிக்காதீங்க. புதுப் பெயின்டுக்குக் கீழே இரும்பு இருக்கா, துரு இருக்கா, பட்டி இருக்கா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? மலைநாட்டு மழையில் கதவுக்கு அடிப்பாகம்தான் முதலில் அரிக்கும். பழைய பெயின்டில் அது கொப்பளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கார் நல்லா இருக்கு என்று காட்டணும்னா கடுகண்ணாவைக்குக் கொண்டுபோங்க. ஏத்தத்தில் ரேடியேட்டர் கொதிக்குதா, இறக்கத்தில் செகண்ட் கியர் நிக்குதா, நாலு ட்ரம் பிரேக்கும் ஒரே மாதிரிப் பிடிக்குதா? பளபளப்பு இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது.

இதைச் சாக்காக வைத்துப் பராமரிக்காத காரைத் தள்ளிவிடவும் கூடாது. வெடித்துப்போன வயரையும் காய்ந்த பிரேக் ஹோஸையும் 'ஒரிஜினல்' என்று விற்பது கொலைக்குச் சமம். அதையெல்லாம் மாற்றுவது பராமரிப்பு. பழைய வாகனங்களுக்கான உலக சம்மேளனமான ஃபீவாவின் துரின் சாசனமும் முதலில் பாதுகாக்கத்தான் சொல்கிறது. ரீஸ்டோர் பண்ணுவது அதற்குப் பிறகுதான்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கு. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கினார்கள். எஸ்ஸோ, கால்டெக்ஸ் சொத்துக்களை அரசு எடுத்ததில் 1963ல் அமெரிக்கா உதவியையே நிறுத்தியது. 1977ல் கதவு திறக்கும் வரைக்கும் அமெரிக்கக் காருக்குப் பார்ட்ஸ் தேடுவது லேசான வேலையா? லேத்தில் புஷ் கடைந்தும், லொறி ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தியும் கராஜ் பாஸ்மார்தான் ஓட வைத்தார்கள். கீழே படுத்து எண்ணெயில் குளித்த பொடியன்களில் தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லாரும் இருந்தார்கள். ரீஸ்டோர் என்ற பெயரில் அந்தக் கைவேலை முழுவதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, இணையத்தில் வாங்கின புதுப் பார்ட்ஸைப் பூட்டுகிறார்கள். பிறகு அதற்குப் பெயர் பாரம்பரியமாம்!

துரைக்கு வருவோம். துரை கார் என்றால் விலை ஏறுது. கழுவித் துடைத்து ஓட்டின டிரைவரின் பெயரால் ஒரு ரூபாயாவது ஏறுதா? அந்தக் காரை வாங்கின காசு எந்த மலையில் யார் பறித்த கொழுந்தில் வந்தது என்று எந்த விளம்பரமும் சொல்லாது.

நம்பர் பிளேட்டையும் கொஞ்சம் பாருங்க. பழைய ஆங்கில எழுத்துக்கள் போய்ச் சிங்கள 'ஸ்ரீ' வந்தபோது தமிழர் எதிர்த்தார்கள். 1958ல் அந்த எழுத்துக்குத் தார் பூசும் போராட்டம் மலையகத்துக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இரண்டு பேர் செத்தார்கள். ஸ்ரீ பிளேட்டோடு ஒரு கார் இன்னும் நின்றால் அந்தத் தகடும் சரித்திரம்தான். 'அழகா மாத்தித் தரவா?' என்று கேட்கிற ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்க.

வாங்குகிறவரிடம் பெட்ரோல் கணக்கையும் மறைக்க வேண்டாம். 2022ல் லீற்றர் 470 ரூபாய் போனது. அப்போது கியூஆர் முறையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. இந்த மாதிரி கார் அதை வைத்துக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். திரும்பி வருவது ரயிலில்தான்!

விற்கிறதென்றால் உள்ளதை உள்ளபடி விற்கட்டும். லொக் புக்கோடு பழைய ரிப்பேர் பில்களையும் கொடுங்க. பில் இல்லாவிட்டால் எந்த பாஸ் என்ன வேலை செய்தார், கராஜ் எங்கே இருந்தது, யார் ஓட்டினார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்க. அந்தப் பெயர்களை விளம்பரத்திலும் போடுங்க, துரை இருந்த இடத்தில்.