'1962 ஸ்ட்ராட், ஒரிஜினல் பெயிண்ட்': பழைய கிடார் விளம்பரங்களை எந்த அளவு நம்பலாம்?

1976-ல் கனடாவின் டொரன்டோ நகர ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆரஞ்சு நிற கிடார் ஒன்று திருடுபோனது. 1957-ல் தயாரான க்ரெட்ச் 6120 மாடல் அது. உரிமையாளர் ராண்டி பாக்மன், 'தி கெஸ் ஹூ' இசைக்குழுவின் கிடார் கலைஞர். இளம் வயதில் சின்னச் சின்ன வேலை செய்து சேர்த்த 400 டாலரில் வாங்கியது. பல பத்தாண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை.

2020-ல் ரசிகர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடியே அதைக் கண்டுபிடித்தார். கிடாரின் முன்பக்க மரத்தில் இருந்த சின்னக் கணுதான் அவருக்குத் துப்பு. இணையத்தில் கிடைத்த ஆரஞ்சு க்ரெட்ச் படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கழித்துக்கொண்டே போனார். டோக்கியோ கடை ஒன்றின் பழைய படத்தில் அதே கணு இருந்தது. அந்த கிடார் ஜப்பானிய இசைக்கலைஞர் ஒருவரிடம் இருப்பது யூடியூப் வீடியோ மூலம் உறுதியானது. 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவில் பாக்மன் கைக்கு அது திரும்பி வந்தது.

அந்த ரசிகர் செய்ததைத்தான், பழைய எலெக்ட்ரிக் கிடார் வாங்க நினைக்கும் எல்லோரும் இன்று செல்போன் திரையில் செய்ய வேண்டியிருக்கிறது. விளம்பரத்தின் தலைப்பில் மாடல், வருடம், நிறம் மூன்றும் பளிச்சென்று இருக்கும். அதெல்லாம் விற்பவர் சொல்வது. ஆதாரம் படத்தில்தான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கவனம்?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினால் ஆர்.சி. புத்தகம் பார்ப்போம். கிடாருக்கு ஆர்.சி. கிடையாது. ஆனால், விலை சில நேரம் கார் விலையையும் தாண்டும். 1958 முதல் 1960 வரை கிப்சன் தயாரித்த சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் ஸ்டாண்டர்டு இன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. கர்ட் கோபேனின் 1969 ஃபெண்டர் மஸ்டாங், 2022 ஏலத்தில் 45 லட்சம் டாலருக்கு மேல் போனது.

அது பிரபலத்தின் கிடார், நமக்கென்ன என்று கேட்கலாம். பிரபலம் யாரும் தொடாத பழைய கிடாருக்கும் தனிச் சந்தை இருக்கிறது. இந்தத் துறையின் பெரிய ஆன்லைன் சந்தையான ரிவெர்பை, 2019-ல் எட்ஸி நிறுவனம் 27.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2025-ல் மீண்டும் கைமாற்றியது. இந்தச் சந்தையில் ஒரே ஒரு வார்த்தை மாறினால் விலை பாதியாகும், அல்லது பத்து மடங்காகும்.

'62' என்றால் 1962-ஆ?

இல்லை. அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

ஃபெண்டர் நிறுவனம் 1982-ல் தன் பழைய மாடல்களையே மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அவற்றுக்கு '57 ஸ்ட்ராடோகாஸ்டர், '62 ஸ்ட்ராடோகாஸ்டர் என்றே பெயர். அதே வருடம் ஜப்பானிலும் இதேபோன்ற மறுபதிப்புகள் தயாராகின. ஆக, 'ஃபெண்டர் 62 ஸ்ட்ராட்' என்று விளம்பரத்தில் இருந்தால், 62 என்பது பிறந்த வருடமாகவும் இருக்கலாம், மாடல் பெயராகவும் இருக்கலாம். முதலாவதின் விலை பல்லாயிரம் டாலர். இரண்டாவதின் விலை சில ஆயிரம்.

வித்தியாசம் காண ஒரு வழி உண்டு. அமெரிக்க மறுபதிப்பின் பின்பக்க உலோகத் தகட்டில் உள்ள எண் 'வி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஜப்பானின் ஆரம்பகால மறுபதிப்புகளில் 'ஜேவி' இருக்கும். தகட்டின் படம் விளம்பரத்தில் இல்லையென்றால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கிப்சனில் இன்னொரு குழப்பம். 1961-ல் லெஸ் பால் மாடலின் வடிவத்தையே நிறுவனம் மாற்றியது. இரண்டு கொம்புகளோடு, மெலிசாக இருக்கும் அந்த வடிவத்தை இன்று எஸ்ஜி என்கிறோம். ஆனால், முதல் ஓரிரு வருடங்கள் அதில் லெஸ் பால் என்ற பெயர்தான் இருந்தது. '1962 லெஸ் பால்' என்று தலைப்பு, படத்தில் எஸ்ஜி. விற்பவர் பொய் சொல்லவில்லை, சரியாகத்தான் சொல்கிறார்!

சீரியல் நம்பர் போதாதா?

உதவும். ஆனால், அதுமட்டும் போதாது.

1977-க்குப் பிறகான கிப்சன்களில் எட்டு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம். நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். 82765501 என்று இருந்தால் 1985-ம் வருடத்தின் 276-வது நாள், அதாவது அக்டோபர் 3. பெரும்பாலான கிடார்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும்.

1960-களின் கிப்சன்களில் இது எடுபடாது. ஒரே எண்ணை வெவ்வேறு வருடங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே வேறு தடயம் தேட வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் பின்னால் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று மரத்தில் அழுத்திய முத்திரை 1970 வாக்கில்தான் வந்தது. '1962' என்று விற்கும் கிப்சனில் அந்த முத்திரை இருந்தால் உஷாராகிவிடலாம்.

ஃபெண்டரில் பிரச்னை வேறு மாதிரி. நெக்கும் உடலும் நான்கு ஸ்க்ரூவில்தான் இணைந்திருக்கின்றன. எண் இருக்கும் தகடும் அதே ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. பத்து நிமிடத்தில் எதையும் கழற்றி வேறொன்றில் மாட்டிவிடலாம். அதனால் ஃபெண்டரைப் பொறுத்தவரை, 'இந்த கிடார் எந்த வருடம்?' என்று கேட்பதைவிட, 'ஒவ்வொரு பாகமும் எந்த வருடம்?' என்று கேட்பதே சரி.

நெக்கின் அடிப்பக்கத்தில் பென்சிலாலோ முத்திரையாலோ தேதி குறித்திருப்பார்கள். வால்யூம் குமிழுக்குக் கீழே, உள்ளே இருக்கும் 'பாட்' என்ற பாகத்திலும் எண் உண்டு. 304-6247 என்றால், 304 என்பது தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. மீதி, 1962-ன் 47-வது வாரம். அந்த கிடார் 1962 நவம்பருக்கு முன் முடிந்திருக்க முடியாது என்று மட்டும்தான் இதற்கு அர்த்தம். 1966-ல் வாங்கிக் குவித்த பாட்களை ஃபெண்டர் அடுத்த சில வருடங்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறது.

எதையும் கழற்றாமலே படத்தில் தெரியும் தடயங்களும் உண்டு. 1965 ஜனவரியில் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த வருடக் கடைசியில் ஸ்ட்ராட்டின் ஹெட்ஸ்டாக் பெரிதானது. பெரிய ஹெட்ஸ்டாக்குடன் '1964' என்று விளம்பரம் வந்தால், குறைந்தபட்சம் நெக்காவது 1964 அல்ல.

நிறம் ஏன் ஏமாற்றுகிறது?

மாடலையும் வருடத்தையும்கூட ஒருவழியாகப் பிடித்துவிடலாம். அதிகம் குழப்புவது நிறம்தான். 60 வருடத்தில் பெயிண்ட் தானாகவே மாறிவிடுகிறது.

கிப்சனின் சன்பர்ஸ்ட், நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செர்ரி சிவப்புமாக இருந்தது. அந்தச் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கடை ஜன்னலில் தொங்கியது எலுமிச்சை மஞ்சளாகவும், பெட்டிக்குள் இருந்தது இன்னும் சிவப்பாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நிறத்தில் தொழிற்சாலையை விட்டு வந்தவை.

ஃபெண்டர், கார்களுக்கு அடிக்கும் டூபான்ட் நிறுவனப் பெயிண்டைப் பயன்படுத்தியது. ஃபியெஸ்டா ரெட், ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். லேக் ப்ளாசிட் ப்ளூ, கேடிலாக்கின் நிறம். இந்த 'கஸ்டம் கலர்' வேண்டுமென்றால் அன்று 5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதனால் கேட்டவர்கள் குறைவு. அதனாலேயே இன்று விலை பல மடங்கு.

இந்தப் பெயிண்டின் மேல் அடித்த லாக்கர் காலப்போக்கில் மஞ்சளாகிறது. வெள்ளை க்ரீம் ஆகிவிடும். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. விளம்பரத்தில் 'அரிய பச்சை' என்று இருப்பது, வயதான நீலமாக இருக்கலாம். போதாக்குறைக்கு செல்போன் கேமராவும் ட்யூப் லைட்டும் தங்கள் பங்குக்கு நிறத்தை மாற்றும்.

உண்மையான நிறம் வெளிச்சம் படாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. முன்பக்க பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றினால், அடியில் பழைய நிறம் கிட்டத்தட்ட அப்படியே தெரியும்.

ரீஃபினிஷ் என்றால் என்ன?

யாரோ நடுவில் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிடாரின் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். விலை மட்டும் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தச் சந்தையின் பொதுவான கணக்கு. 'ரீஃபின்' என்ற சொல் விளம்பரத்தின் கடைசி வரியில் இருக்கிறதா, இல்லவே இல்லையா என்று பாருங்கள்.

கண்டுபிடிக்க வழிகள் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை, பெயிண்ட் காயும்போது உடலைத் தாங்கி நிறுத்த ஃபெண்டர் சின்ன ஆணிகள் அடித்தது. ஆணியைப் பிடுங்கிய துளைக்குள் பெயிண்ட் இருக்காது. துளையே காணோம், அல்லது உள்ளே பெயிண்ட் இறங்கியிருக்கிறது என்றால் சந்தேகப்படலாம். புற ஊதா விளக்கில் காட்டினால் பழைய லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் தொட்ட இடம் தனியாகத் தெரிந்துவிடும்.

தேய்மானத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயிண்ட் உரிந்து, உலோகம் துருப்பிடித்த தோற்றத்தில் புது கிடார்களையே 'ரெலிக்' என்ற பெயரில் ஃபெண்டர் 1990-களில் இருந்து விற்கிறது.

விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

எட்டுப் படங்கள் போதும்: பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், ஹெட்ஸ்டாக்கின் இரு பக்கங்கள், சீரியல் எண், நெக்கின் அடிப்பக்கம், பிக்கார்டின் அடியில் உள்ள உடல், பாட்களின் எண்கள்.

தாத்தாவின் கிடாரை விற்கும் பேரனுக்குக் கழற்றத் தெரியாமல் இருக்கலாம். எல்லாத் தவறான விளம்பரமும் மோசடி அல்ல. ஆனால், பல்லாயிரம் டாலர் கேட்கும் வியாபாரி நான்கு ஸ்க்ரூவைக் கழற்ற மறுத்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கழற்றாத கிடாருக்கு 'ஒரிஜினல்' விலை கொடுக்கத் தேவையில்லை.

இந்தியாவுக்கு வரவழைக்கலாமா?

இங்கே சட்டம் ஒன்று குறுக்கே வருகிறது. 1959 முதல் 1960-களின் நடுப்பகுதி வரையிலான ஃபெண்டரில் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு இருந்தால், அது பெரும்பாலும் பிரேசில் மரம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992 முதல் அந்த மரம் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சான்றிதழ் வேண்டும். 2019-ல் இசைக்கருவிகளுக்குக் கிடைத்த விலக்கு மற்ற ரோஸ்வுட்களுக்குத்தான், பிரேசில் மரத்துக்கு இல்லை. சான்றிதழ் இல்லாமல் வந்தால், பணமும் போய் கிடாரும் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

பிரேசில் மரத்துக்கு மாற்றாக 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க கிடார்களில் ஏறியது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் போட்டுப் பாதுகாத்த அதே மரம்தான். ஆகவே, மரத்தின் பெயர் ஆண்டைச் சொல்லும் ஒரு தடயமும்கூட. '1962' என்று தலைப்பு, கீழே 'இந்திய ரோஸ்வுட்' என்று விவரம் இருந்தால், இரண்டில் ஒன்று தவறு.

பாக்மனின் கிடாருக்கு இன்னொரு முறை வருவோம். அதே மாடல், அதே ஆரஞ்சு நிறத்தில் பல கிடார்கள் உலகத்தில் இருக்கின்றன. அவருடையதைக் காட்டிக்கொடுத்தது யாராலும் மாற்ற முடியாத ஒரு மரக்கணு. வாங்கும் முன் திரையைப் பெரிதாக்கி, தலைப்பை மறந்துவிட்டு, மரத்தையும் ஸ்க்ரூவையும் பாருங்கள். பிடித்துப்போன படங்களைச் சேமித்தும் வையுங்கள். நாளை அந்த கிடார் தொலைந்தாலும் அதுதான் ஆதாரம்.