எழுதாத நிபந்தனை

அந்நிய ஆட்சியில் ஒரு சர்வகலாசாலை காட்டிய தைரியத்தைச் சுதந்திர பாரதத்தின் சர்வகலாசாலை காட்டத் தவறுமாயின், தேசாபிமானிகள் அதைக் கண்டு மௌனமாயிருத்தல் தகாது. ஆவேசத்தினால் நாம் இவ்வாறு எழுதவில்லை. இரு சம்பவங்களை ஒப்பிட்டே எழுதுகிறோம்.

1922-ஆம் வருஷம் கல்கத்தா சர்வகலாசாலை பணமின்றித் தவித்தது. வங்காள சர்க்கார் 2½ லக்ஷம் ரூபாய் தர முன்வந்து, கூடவே நிபந்தனைகளையும் அனுப்பிற்று. வைஸ்சான்ஸலர் ஸர் ஆசுதோஷ் முகர்ஜியோ ஹைக்கோர்ட்டு நீதிபதி. சர்க்காரின் பட்டம் பெற்றவர். ஆயினும், அடிமைத்தனத்தோடு சேர்ந்து வரும் பணம் வேண்டாமென்று செனட் சபையில் கர்ஜித்தார். மறு வருஷம், இணங்கி நடப்பதானால் பதவி நீடிக்குமென்று கவர்னர் லிட்டன் பிரபு எழுதியபோது, அப்பதவியையும் உதறினார்.

இனி 2021-ஆம் வருஷத்துக்கு வருவோம். ஹரியானாவில் சோனிபத்திலுள்ள அசோகா சர்வகலாசாலை தனவந்தர்களின் நன்கொடையால் எழுந்தது. அதன் முன்னாள் வைஸ்சான்ஸலரும் ராஜீய தத்துவப் பேராசிரியருமான ஸ்ரீ பிரதாப் பானு மேத்தா, பத்திரிகைகளில் மத்திய சர்க்காரைக் கண்டித்து எழுதி வந்தவர். மார்ச்சு மாதம் அவர் ராஜிநாமாச் செய்தார். ஸ்தாபகர்களைச் சந்தித்த பின், தமது தொடர்பு ஸ்தாபனத்துக்கு ராஜீய ரீதியில் ஒரு பாரமாகக் கருதப்படலாமெனத் தெளிவாயிற்று என்பதே அவர் கூறிய காரணம். இரண்டு நாளில், மத்திய சர்க்காரின் பிரதம பொருளாதார ஆலோசகராயிருந்த ஸ்ரீ அரவிந்த் சுப்பிரமணியனும் விலகினார். நடைமுறையில் குறைகள் நேர்ந்தனவென்று ஸ்தாபனம் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆசிரியரோ திரும்பவில்லை.

கல்கத்தாவுக்கு வந்த நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அதைத் திருப்பி அனுப்ப முடிந்தது. சோனிபத்துக்கு எந்த உத்தரவும் வந்ததாக வெளிப்படவில்லை. அச்சமே அங்கே நிபந்தனையாயிற்று. எழுதாத நிபந்தனையை எவ்வாறு திருப்பி அனுப்புவது?

பணம் கொடுத்தவருக்கு அதிகாரமில்லையா என்று சிலர் கேட்கலாம். சத்திரம் கட்டிய தர்மவான், வழிப்போக்கனின் அபிப்பிராயத்தை விசாரித்த பிறகா இலை போடுகிறான்? தர்மமென்று கொடுத்த பின், அதன் நோக்கமே எஜமானன். வகுப்பில் மட்டும் பேசட்டும், பத்திரிகையில் ஏன் எழுதவேண்டும் என்பது வேறு சிலர் வாதம். அதிகாரம் எந்த நியாயத்தின் மேல் நிற்கிறதென்று விசாரிப்பதே ராஜீய தத்துவம். பிளேட்டோவைப் பற்றி மட்டும் பேசு, இன்றைய மந்திரிகளைப் பற்றிப் பேசாதே என்பது, நீந்தக் கற்றுக்கொடு, ஆனால் ஆற்றில் இறங்காதே என்பதைப் போன்றதாம்.

ஜெர்மானியர் 1949-ஆம் வருஷத்திய தங்கள் அடிப்படைச் சட்டத்தின் 5-வது ஷரத்தில், ஆராய்ச்சியும் போதனையும் சுதந்திரமானவை என்று வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். நமது அரசியல் சாசனத்தின் 19-வது ஷரத்து பேச்சுரிமையைத் தருகிறதேயன்றி, போதனைச் சுதந்திரத்தைப் பெயரிட்டுக் கூறவில்லை. ஆதலால், ஆசிரியரின் நியமனமும் நீக்கமும் தனவந்தர் கையிலோ மந்திரிகள் கையிலோ இராமல், கற்றோர் சபையிடமே இருக்குமாறு சட்டம் செய்தல் அவசியம்.

சட்டம் வருமுன் வேண்டுவது துணிவு. பணமில்லாத சர்வகலாசாலை மெலியும். பயந்த சர்வகலாசாலையோ மடியும். இதை அன்று ஆசுதோஷ் அறிந்திருந்தார். இன்று நாம் மறக்கலாமா?