குறை எளிமையில் இல்லை

வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள் (சிஆர்எம் என்றால் எல்லோருக்கும் புரியும்) என்றாலே நூறு பட்டன்களும் ஐம்பது விதமான அறிக்கைகளும் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லிக் கொண்டே இருக்கிறது. நாலு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் அதே சிபாரிசுதான். நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்குக் கல்யாண அண்டா எதற்கு?

அந்த நாலு பேருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். வாடிக்கையாளர் போன வாரம் என்ன கேட்டார்? யார் பேசியது? என்ன விலை சொல்லப்பட்டது? இதற்கெல்லாம் பதில் பெரும்பாலும் ஒரே ஆளின் செல்பேசியிலோ டைரியிலோ கிடக்கிறது. அவர் லீவு போட்டால் வேலை நிற்கும். வேலையை விட்டுப் போனால்... வாடிக்கையாளரும் கூடவே போய்விடலாம்.

சிகாகோவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஹைரைஸ் இந்தத் தேவைக்காகவே வந்தது. ஆட்களின் பெயர், அவர்களோடு பேசியதன் குறிப்பு, அடுத்து செய்ய வேண்டிய வேலை. அடிப்படை இவ்வளவுதான். வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலின் பிரதியை ஒரு தனி முகவரிக்கு அனுப்பினால் அது அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பயிற்சி வகுப்பு வேண்டாம். இருபது கட்டங்களை நிரப்பச் சொன்னால் விற்பனையாளர் இரண்டை நிரப்பிவிட்டு மீதியில் புள்ளி வைப்பார்! ஒரே ஒரு பெட்டி இருந்தால் எழுதுவார். எழுதப்படாத சிஆர்எம்மில் எத்தனை வசதி இருந்து என்ன பயன்?

அப்படியானால் எளிய மென்பொருளில் குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் குறை சொல்பவர்கள் கைகாட்டும் இடத்தில் இல்லை.

எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் ஒரே ஆளை இரண்டு பேர் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிந்து வைப்பார்கள். ஒருவர் 'டீலர்' என்று அடையாளமிடுவார், இன்னொருவர் 'விநியோகஸ்தர்' என்பார். ஒரு வருஷம் கழித்து டீலர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று முதலாளி கேட்டால் யாருக்கும் தெரியாது. இதையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி செய்துவிடலாம்.

வெளியேறும் வழிதான் பெரிய பிரச்சினை. 2018-ல் ஹைரைஸ் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்திக் கொண்டது. பழையவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று சொன்னார்கள், அது நாணயமான காரியம். எல்லா நிறுவனமும் அப்படி நடந்து கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியுமா? வேறு மென்பொருளுக்கு மாறும்போது பெயரும் தொலைபேசி எண்ணும் அட்டவணையாக அழகாக இறங்கிவிடும். பேசிய பேச்சு, கொடுத்த வாக்கு, சொன்ன விலை எல்லாம் கட்டற்ற குறிப்பாக இருப்பதால் புதிய இடத்தின் எந்தக் கட்டத்திலும் உட்காராது. எழுதுவதைச் சுலபமாக்கிய அதே ஒற்றைப் பெட்டி, இடம் மாறும்போது மக்கர் செய்கிறது.

"என்னென்ன வசதி இருக்கிறது" என்று கேட்டு விலைப்பட்டியல்களை ஒப்பிடுவதில் ஒரு மாதத்தைக் கழிப்பவர்கள், இதைச் சோதிக்க அரைமணி நேரம் செலவழிப்பதில்லை. இலவச சோதனைக் காலத்திலேயே பத்துப் பேரை ஏற்றி, ஆளுக்கு மூன்று குறிப்பு எழுதி, எல்லாவற்றையும் உடனே இறக்கிப் பார்க்கட்டும். முப்பது குறிப்பும் தேதியோடும் எழுதியவர் பெயரோடும் திரும்பி வந்தால் பணம் கட்டலாம். பத்துப் பெயர் மட்டும் வந்தால் அதற்குப் பழைய டைரியே போதும்.